பல்லியின் ரசனை

"ஒரு ஓவியத்துக்கு முன்னால கொஞ்ச நேரம் நின்னாலே மூளை சுறுசுறுப்பாயிடுமாம்" என்று கண்காட்சிக்கு வந்த ஒருவர் தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டு போனது, சுவரில் இருந்த பல்லியின் காதில் விழுந்தது.

அன்றிலிருந்து அது பூச்சி பிடிப்பதை விட்டுவிட்டது. குத்துவிளக்கைச் சுற்றி விட்டில்கள் பறக்கும் பெரிய ஓவியம் ஒன்றின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. வருகிறவர்களைப் பார்த்துப் பழகி, அவர்களைப் போலவே தலையைச் சாய்த்தது. அவ்வப்போது "ம்ம்" என்றது.

"வயிறு முதுகோட ஒட்டிக்கிடக்கே தம்பி. போய் ஏதாவது பிடிச்சுத் தின்னேன்" என்றது சட்டத்தின் மேல்மூலையில் குடியிருந்த சிலந்தி.

"உனக்கு இதெல்லாம் புரியாது அக்கா. வயித்தைப் பார்த்துக்கிட்டிருந்தா மூளை எப்ப வளர்றது?"

சொல்லிவிட்டு, ஓவியத்துக்கு அருகே ஒட்டியிருந்த விளக்க அட்டையின் பக்கம் பல்லி திரும்பிக்கொண்டது. வந்தவர்கள் எல்லோரும் படத்தைவிட அந்த அட்டையைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். பல்லிக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பார்த்தது.

அந்நேரம் ஜன்னல் வழியே வந்த கொழுத்த விட்டில் ஒன்று ஓவியத்தின் மேல் உட்கார்ந்தது.

பல்லி திரும்பியது. "இந்த விட்டிலைப் பாரு அக்கா. இறக்கை துடிக்கிற மாதிரியே வரைஞ்சிருக்கான். எனக்கு நாக்குல எச்சில்கூட ஊறுது. இத்தனை நாளா இது கண்ணுல படவே இல்லை. இப்பத்தான் மூளை வேலை செய்யுது."

"ரசிச்சு முடிச்சாச்சா தம்பி?"

"முடிச்சாச்சு."

சிலந்தி நூல் விட்டு மெல்ல இறங்கி வந்து, விட்டிலைச் சுற்றிக் கட்டி, மேலே தூக்கிக்கொண்டு போனது.