சிரிப்பு ஷாட்

இருந்தவர்கள்: இயக்குநர். கேமராமேன் தணிகைவேல். உதவி இயக்குநர் இளம்பரிதி. லைட்மேன்கள் ஆறு பேர். ஒப்பாரி வைக்க வந்த பதினாறு பெண்கள்.

ஐஸ் பெட்டிக்குள் பிணமாக அவர்.

கட் என்றதும் ஒப்பாரி நின்றது. பெண்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டு டீ வந்துவிட்டதா என்று விசாரித்தார்கள். கண்ணாடி மூடியைத் தூக்கினார்கள்.

அவர் எழவில்லை.

சினிமாவில் பிணமாக நடித்தவரைக் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்கச் சொல்வார்கள். அதையும் எடுத்த பிறகுதான் எழுப்புவார்கள். இல்லாவிட்டால் நடித்தது பலித்துவிடும் என்று நம்பிக்கை. அந்தச் சிரிப்பு படத்தில் வராது. எடுத்தால் போதும்.

இந்த நம்பிக்கையைக் கிண்டலடித்துத்தான் அவர் பிழைத்தார்.

இருபத்திரண்டு வருடம். மேடையில் தனி ஆள், ஒரு மைக். சிரிப்பு ஷாட் எடுக்காமல் கிளம்பும் யூனிட்டிடம் பிணம் கெஞ்சும். சபாக்களில் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். அதைப் பார்த்துத்தான் சினிமா கூப்பிட்டது. தாசில்தார், குடிகாரத் தாய்மாமன், பெண்ணைக் கொடுக்க மறுக்கும் அப்பா. பிறகு எல்லாம் குறைந்தது. இப்போது சாவதற்கு மட்டும் கூப்பிடுகிறார்கள்.

வியாழக்கிழமை அவருக்கு இதயத்தில் ஆபரேஷன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இந்தப் பிணமும் வேறொருவனுக்குப் போய்விடும்.

கதாநாயகன் இரண்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். அவசரத்தில் அந்தச் சிரிப்பை மறந்துவிட்டார்கள். கேமராவை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

எழுந்திருக்கச் சொல்லி இளம்பரிதி கை நீட்டினான். சிரிப்பு ஷாட் இன்னும் எடுக்கவில்லை என்றார் அவர்.

இளம்பரிதி சிரித்துவிட்டான்.

அவர் பெட்டிக்குள்ளேயே எழுந்து உட்கார்ந்தார். மூக்கில் பஞ்சு. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

“விளையாட்டு இல்லப்பா. ஒரே ஒரு ஷாட். எடுத்துட்டுப் போங்க.”

வாயை விட்டுப் போனதும் அவருக்குத் தெரிந்தது. மேடையில் பிணம் சொல்வது இதைத்தான். ஓர் எழுத்து மாறவில்லை.

லைட்மேன்கள் ஏணியில் இருந்தபடியே சிரித்தார்கள். பெண்கள் டீயைக் கீழே வைத்தார்கள்.

வேறு மாதிரிக் கேட்கப் பார்த்தார். வேறு மாதிரி வரவில்லை. இத்தனை வருடமாக அவர் கெஞ்சியது அந்த ஒரு விதத்தில்தான். குரல் தானாக உடைகிற இடத்தில் உடைந்தது. நிறுத்துகிற இடத்தில் நின்றது.

தணிகைவேல் கேமரா மேல் சாய்ந்து குலுங்கினார்.

“தணிகை, வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன்யா.”

தணிகைவேல் நிமிர்ந்தார்.

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“புதுசா சேத்திருக்காருய்யா.”

ஸ்டுடியோ ஃப்ளோரே அதிர்ந்தது. பல வருடங்களாக அவருக்கு இப்படி ஒரு சிரிப்பு கிடைத்ததில்லை. ஒருத்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லோர் பல்லும் தெரிந்தது.

அவர் பல்லைத் தவிர.

இளம்பரிதி கால்கட்டை அவிழ்த்துவிட்டான். டைமிங் இன்னும் போகவில்லை என்று தணிகைவேல் தோளில் தட்டினார். அடுத்து கதாநாயகனின் ஷாட், வேண்டாதவர்கள் வெளியே இருக்கலாம் என்றார்கள்.

அவர் வாசல் வரை நடந்தார். பதினாறு பெண்களும் கைதட்டினார்கள். பஞ்சை எடுக்க மறந்திருந்தார். அதற்கும் சிரித்தார்கள்.

வெயிலில் இறங்கினார்.

பின்னால் கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினார்கள்.