கடைசிச் சிட்டிகை

"ஃப்ரீசர்ல ஒரு சின்னப் புட்டி இருந்துச்சே அத்தை, நீல மூடி போட்டு, மேல தேதி எழுதி..."

"ஃப்ரிட்ஜுன்னா சாப்பாடு வைக்கிற இடம். உன் ஆபீஸ் இல்ல. தேதி எழுதிட்டா மட்டும்..."

"தொடாதீங்கன்னும் எழுதியிருந்தேன்."

"எழுதியிருந்தே, எழுதியிருந்தே."

மருமகள் பாதி உடம்பை ஃப்ரீசருக்குள் விட்டிருந்தாள். பட்டாணிப் பையை வெளியே எடுத்தாள். ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தாள். அதில் வழக்கம்போல ஐஸ்கிரீம் தவிர எல்லாம் இருந்தது.

புட்டியில் இருந்தது ஒரு சிட்டிகை மகரந்தம். இனி இந்த உலகத்தில் எங்கு தேடினாலும் கிடைக்காத சிட்டிகை.

தாவரத் தோட்டத்தில் அவளுக்கு வேலை. அழியப்போகும் பூச்செடிகளைக் காட்டில் தேடிப் பிடித்து, தொட்டியில் வைத்துக் கெஞ்சிக் கூத்தாடிப் பெருக்க வேண்டும். ஆறு வருடம் முன்பு, காலெல்லாம் அட்டைக் கடியோடு மலையிலிருந்து இறங்கியபோது பையில் மூன்று கன்றுகள் இருந்தன. அதுவரை யாரும் பார்த்திராத பூ. ஆண் பூ ஒரு செடியில் பூக்கும், பெண் பூ வேறொரு செடியில். மறுபடி போனபோது அந்த மலைச்சரிவே மண்சரிவில் போயிருந்தது. மூன்று கன்றில் ஒன்று செத்தது. கிளை வெட்டி நட்டதெல்லாம் அழுகியது. மிஞ்சியது ஒரு ஆண், ஒரு பெண். பொருத்தம் பார்க்கவே வேண்டியதில்லை.

ஆனால் இரண்டுக்கும் முகூர்த்தம் சேரவில்லை. நான்கு மாதம் முன்பு ஆண் செடி பூத்துக் குலுங்கியது. பெண் செடி எனக்கென்ன என்று நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் இயக்குநருக்கு இயற்கை மீது பாசம் பொங்கியது. பாராட்டு விழா வைத்தார். குளிரூட்டிய அரங்கில், மேடையில், தன் பக்கத்தில் ஆண் செடியை நிறுத்திக்கொண்டு, செடிகளைக் காப்பது எப்படி என்று இரண்டு மணி நேரம் பேசினார். ஒரு வாரத்தில் செடி போய்ச் சேர்ந்தது. படம் மட்டும் அவர் அறையில் மாட்டியிருக்கிறது. அதில் செடி பாதிதான் விழுந்திருக்கும். அவர் முழுசாக இருப்பார்.

நல்லவேளையாக மருமகள் அதற்கு முன்பே மகரந்தத்தைத் தட்டி, உலர்த்தி, புட்டியில் அடைத்திருந்தாள். அலுவலக ஃப்ரீசரில் அதிகாரிகளின் தண்ணீர் பாட்டில்களுக்கே இடம் போதவில்லை. அதனால் புட்டி வீட்டுக்கு வந்தது. வீடு பத்திரமான இடம் என்று நினைத்தாள், பாவம்.

இன்று காலை தோட்டக்காரர் போன் செய்தார். பெண் செடியில் இருந்த ஒரே மொட்டு விரிந்துவிட்டதாம். சாயங்காலம் உதிர்ந்துவிடும். அதற்குள் மகரந்தம் தடவினால் காய். தடவாவிட்டால் அந்தக் குலம் இத்தோடு சரி.

சத்தம் கேட்டு அவள் புருஷன் தோளில் துண்டோடு அடுக்களை வாசலில் வந்து நின்றான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றான். கல்யாணமாகி ஒன்பது வருடமாக அவன் எடுத்த ஒரே தீர்மானம் அது.

அந்த ஒன்பது வருடத்தில் விசேஷம் உண்டா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எனக்குத்தான் ஏதோ கோளாறாம் என்று மருமகள் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். உடனே ஆளுக்கொரு லேகியம், ஆளுக்கொரு டாக்டர் விலாசம் வந்து சேரும். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் புருஷன் மின்விசிறியைப் பார்ப்பான், அது ஓடாத மாதத்திலும். ஊர்ச் செடிக்கெல்லாம் சம்பந்தம் பேசுகிறாள் என்று மாமியார் மட்டும் ஒரு வார்த்தை எடுத்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

மாமியார் இப்போது அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். தபால் நிலையத்தில் முப்பது வருடம் அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்காமலே கட்டுக் கட்டாகப் பிரித்து அனுப்பியவர். எதையும் சுற்றி வளைத்துச் சொல்லிப் பழக்கமில்லை.

ஆமாம், நான்தான் எடுத்தேன் என்றார். தேன் கடையில் இதே மகரந்தத்தைச் சத்துப்பொடி என்று டப்பா டப்பாவாக விற்கிறானே. போன வருடம் தோட்டத்தைச் சுற்றிக்காட்டியபோது, எத்தனையோ வருடமாகக் காய்க்காமல் நின்ற கொடிக்கு இவள் தூரிகையால் இதைத்தானே தடவினாள். அடுத்த மாதமே கொத்துக் கொத்தாகக் காய் தொங்கியதை இந்தக் கண்ணால்தானே பார்த்தோம். கடைப்பொடியைவிட இது ஒசத்தி என்பதால்தானே தொடாதே என்று எழுதிப் பூட்டாத குறையாக வைத்திருக்கிறாள். அதனால் காலையில் பாலில் கலந்து கொடுத்தாயிற்று. புட்டியையும் வெந்நீர் விட்டுக் கழுவிக் கவிழ்த்தாயிற்று.

தட்டுகளுக்கு நடுவில் புட்டி பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தது. ஒரு தூள்கூட மிச்சமில்லாத சுத்தம்.

மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். திறந்து கிடந்த ஃப்ரிட்ஜ் மூடு மூடு என்று கத்திக்கொண்டிருந்தது. ஊர் கொடுத்த லேகியத்தையெல்லாம் குப்பையில் கொட்டத் தெரிந்தவளுக்கு இந்த வீட்டுப் பாலைச் சந்தேகப்படத் தெரியவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒரு குலமே உள்ளே போயிருக்கிறது.

"என் பால்லயா அத்தை கலந்தீங்க?"

மாமியார் மகன் பக்கம் திரும்பவே இல்லை.

"உன் பால்ல எதுக்குக் கலக்கணும்? பீரோவுல புடவைக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கியே டாக்டர் ரிப்போர்ட்டு, அதை நான் எப்பவோ படிச்சுட்டேன். அவன் பால்லதான் கலந்தேன்."