'எல்' போட்ட வழி

தேடுபொறியில் கேசவின் இணையதளம் அன்று காலை இரண்டாம் இடத்துக்கு இறங்கிப் போயிருந்தது.

முதல் இடத்தில் இருந்ததும் அவனுடைய தளம்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

அதே பக்கம். அதே தமிழ். மேலே 'வழங்குபவர் கேசவ்' என்று பேர்கூட அப்படியே இருந்தது. முகவரியில்தான் ஒரு சின்ன வித்தியாசம். 'பெங்களூர்வழி' என்பதை ஆங்கிலத்தில் 'ழ'வுக்கு இசட்-ஹெச் போட்டு அவன் பதிவு செய்திருந்தான். இதில் அந்த இடத்தில் எல். பக்கத்தின் உச்சியில் ஒரு போன் நம்பரை வேறு யாரோ ஒட்டவைத்திருந்தார்கள்.

"நிரூ, இங்க வாயேன். எவனோ என் சைட்டை அப்படியே திருடிட்டான்."

மனைவி நிருபமா தோசைக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"வழிக்கு எல் போட்டா 'வலி'ன்னா ஆறது? பொருத்தமாத்தான் இருக்கு. உங்க மூஞ்சியைப் பார்த்தாலே தெரியறது."

கேசவுக்குச் சிரிப்பு வரவில்லை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் என்று அந்தப் பக்கத்திலிருந்து பெங்களூர் ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறவர்கள் கன்னடம் தெரியாமல் திண்டாடுவதைப் பார்த்துத்தான், இரண்டு வருஷம் முன்னால், 2001-ல் அவன் அந்தத் தளத்தை ஆரம்பித்தான். எந்த பஸ், எங்கே தங்கலாம், எந்த வார்டில் தமிழ் பேசும் நர்ஸ் இருக்கிறார் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்து திரட்டியது.

"லாட்ஜ் புரோக்கரா இருப்பான். என் பேரை நம்பி வர்ற ஜனங்களை மொட்டை அடிக்கறதுக்குத்தான் இந்த வேலை."

நம்பரைச் சுழற்றினான். எங்கேஜ்ட். மறுபடியும் எங்கேஜ்ட்.

"பார்த்தியா? வியாபாரம் ஜோரா நடக்கறது!"

அந்த இணைய முகவரி யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று தோண்டினான். பியாட்ரிஸ், பெங்களூர் பிரேசர் டவுன். ஒளிவுமறைவே இல்லாமல் தெருப் பேர், கதவு எண் எல்லாம் இருந்தது. கேசவ் ஸ்கூட்டரை எடுத்தான்.

போய்ப் பார்த்தால், அது ஆறு கம்ப்யூட்டர் போட்ட ஒரு பிரவுசிங் சென்டர். கவுன்ட்டரில் நாற்பது வயசுப் பெண் ஒருத்தி போனை வைத்த கையோடு, "பிரிண்ட் ஆகிதெ, தகொள்ளி" என்று கன்னடத்தில் சொல்லி, அச்சான காகிதத்தை ஒருவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"பியாட்ரிஸ் நீங்கதானே?"

"ஆமா சார். அரை மணியா, ஒரு மணியா?"

"ஒரு நிமிஷம் போதும். நான் கேசவ். பெங்களூர்வழி என்னோட சைட்."

அவள் சட்டென்று எழுந்தாள். "அய்யோ, நீங்களா சார்! உக்காருங்க."

"உக்கார வரல. யாரைக் கேட்டு என் பக்கத்தை எடுத்தீங்க? எந்த லாட்ஜ்காரன் உங்க பின்னால இருக்கான்? போலீஸ்ல எழுதிக் குடுக்கட்டுமா?"

கம்ப்யூட்டர்களிலிருந்து அத்தனை தலையும் திரும்பியது.

பியாட்ரிஸின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் குரல் ஏறவில்லை.

"குடுங்க சார். அதுக்கு முன்னால அந்த நாலாம் நம்பர்ல உங்க சைட்டைத் தொறங்க. எல் வேணாம், இசட்-ஹெச் போட்டே தொறங்க."

திறந்தான். திரை முழுக்கக் கொக்கி, புள்ளி, கேள்விக்குறி.

"படிங்க சார்."

"இதுல அந்தத் தமிழ் எழுத்து ஃபான்ட் இல்ல. இறக்கிப் போட்டுக்கணும். முதல் பக்கத்துலயே பெரிசா எழுதியிருக்கேனே!"

"எதுல எழுதியிருக்கீங்க?"

"தமிழ்லதான்..."

சொல்லிக்கொண்டே மேலே பார்த்தான். அந்த இடத்தில் கொட்டை எழுத்தில் நாலு வரிக் கொக்கிகள்.

இரண்டாம் நம்பரில் உட்கார்ந்திருந்தவர் களுக்கென்று சிரித்தார்.

"எந்த சென்டர்ல தொறந்தாலும் இதே கதிதான் சார். என் மெஷின் ஒண்ணுல மட்டும் எங்கெங்கயோ தேடி அந்த ஃபான்ட்டைப் போட்டு வெச்சேன். நம்பரைப் பாத்து போன் பண்றவங்களுக்கு அதுலேருந்து படிச்சுச் சொல்றேன். லாட்ஜும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அப்ப அந்த எல்?"

"இசட்-ஹெச் யாரு சார் போடறாங்க? நாக்குல எப்படி வருதோ அப்படித்தான் அடிக்கிறாங்க. திருப்பத்தூர்க்காரம்மா ஒருத்தங்க, வீட்டுக்காரரை ஆபரேஷனுக்கு உள்ள அனுப்பிட்டு இங்க ஓடி வந்தாங்க. எல் போட்டே அடிச்சாங்க. அப்படி ஒரு பக்கமே இல்லைன்னுது. இதோ, இந்தச் சேர்லதான் உக்காந்து அழுதாங்க. மறுநாளே அந்தப் பேரை வாங்கி, யாரு அடிச்சாலும் உங்க பக்கம் வர்ற மாதிரி செஞ்சிட்டேன். மேல நம்பர் மட்டுந்தான் நான் சேத்தது, அது எந்த மெஷின்லயும் தெரியும்."

கேசவின் குரல் இறங்கிவிட்டது.

"எனக்கு ஒரு மெயில் போட்டிருக்கலாமே?"

"மூணு போட்டேன் சார். எங்கிட்ட இருந்த வேற ஃபான்ட்ல, தமிழ்லயே."

கேசவுக்கு ஞாபகம் வந்தது. கொக்கியும் புள்ளியுமாக வந்த மூன்று மெயில்கள். வைரஸ் என்று நினைத்து, வந்த சுவடு தெரியாமல் அழித்திருந்தான்.

நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தான்.

"இவ்வளவும் செஞ்சீங்க, நம்பரைப் போட்டீங்க. கூடவே உங்க பேரையும் போட்டிருக்கலாமே?"

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. எடுத்தாள்.

"வணக்கங்க. ஆமாங்க, கேசவ் சார் ஆபீஸ்தான். பதறாம சொல்லுங்கம்மா, எந்த ஆஸ்பத்திரி?"