ஈரத்தோடு போகக் கூடாது

பல வருஷம் கழித்து மழை வந்தபோது பூமயில், நகரத்துப் பூங்காவில் கற்றாழைப் பாத்தியில் உட்கார்ந்து சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணாந்து வாயைத் திறந்து ஆசைதீரக் குடித்தாள். பிறகு வீட்டுக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தாள். தண்ணீர்த் திருட்டைத் தடுக்க வைத்திருந்த பேசும் கதவு திறக்கவில்லை.

"பூங்காவின் ஈரம் வெளியே போகக் கூடாது. காய்ந்த பிறகு வாருங்கள், அம்மா," என்றது கதவு, எப்போதும்போல மரியாதையாக.

குழாய்த் தண்ணீர், மழைத் தண்ணீர் என்ற பேதமெல்லாம் அதற்குத் தெரியாது. பூமயில் முந்தானையைப் பிழிந்து அரளிச் செடிக்கு விட்டாள். பிழிந்து முடிப்பதற்குள் மறுபடியும் தொப்பலாக நனைந்தாள். மழைக்கு ஒதுங்க ஒரு கூரை வேண்டுமென்று வறட்சிக்கு ஏற்றபடி அந்தப் பூங்காவைத் திருத்திக் கட்டிய யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

வெளியே தெருவே ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் புருஷன் இருளப்பன், தலையில் தண்ணீர் வழிய, கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

"என்ன புள்ள, இன்னும் உள்ளயே நிக்கிற?"

"ஈரமா இருக்கேன்னு விடமாட்டேங்குதுங்க."

"இம்புட்டுதானா? இரு, காஞ்ச சேலை எடுத்தாறேன்."

சேலையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். வலைக்கண்ணில் பை நுழையவில்லை; மேலே வீசினாலும் தாண்டாத உயரம். வாசல் பக்கம் திரும்பினான்.

"வேணாங்க! உள்ள வராதீங்க!" என்று பூமயில் அலறினாள்.

"குடுத்துட்டு ஒடனே வந்துர்றேன் புள்ள."

ஈரத்தோடு உள்ளே வருகிறவர்களை அந்தக் கதவு ஒருநாளும் தடுத்ததில்லை. அகலத் திறந்து, "வாருங்கள், ஐயா," என்று வாஞ்சையோடு அழைத்தது.