விளம்பரம் இல்லாத பக்கம்

“பாத்தியா, ஒங்க றீட்டா மிஸ் பண்ற வேலைய?”

ஜீவராணி போனை மகளின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

சாதாரண தரப் பரீட்சைக்கான கணித வினாத்தாள். அதன் நடுவில் ஒரு பெண் சீட்டுக்கட்டோடு கண்ணடித்துக்கொண்டிருந்தாள். ‘இப்போதே ஆடுங்கள், அள்ளுங்கள்!’

கேஷானி திடுக்கிட்டாள். “மிஸ் இதெல்லாம் போட மாட்டாங்கம்மா. என்கூடப் படிக்கிற றுஷ்தா வீட்டு போன்ல இது வரவே இல்லையாம்.”

“அதானே, ஒங்க மிஸ் தப்பே பண்ண மாட்டாங்க!”

வீட்டில் எதற்கெடுத்தாலும் றீட்டா மிஸ். இப்போது கேஷானி தலை பின்னுவதுகூட றீட்டா மிஸ் மாதிரிதான். அதைப் பார்க்கிறபோதெல்லாம் ஜீவராணிக்கு வயிறு எரியும்.

ஜீவராணியும் றீட்டாவும் கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள். உயர்தரப் பரீட்சையில் கொஞ்சம் புள்ளிகள் கூட எடுத்து றீட்டா டீச்சரானாள். ஜீவராணி அப்புத்தளையில் ஒரு இன்டர்நெட் கம்பெனியின் கிளையில் சேர்ந்தாள். மழையிலும் பனியிலும் தோட்டம் தோட்டமாக ஏறி, வீட்டுக்கு வீடு இணைப்பு எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

அவளுக்கு யாரும் ஒரு நன்றி சொன்னதில்லை.

றீட்டா தானே ஒரு இணையத்தளம் தொடங்கிப் பழைய வினாத்தாள்களை இலவசமாகப் போட்டாள். அவ்வளவுதான். கோயில் திருவிழாவில் கூப்பிட்டு மாலை போட்டார்கள். தளத்தின் உச்சியிலேயே எழுதியிருந்தாள்: ‘இது பிள்ளைகளுக்கானது. இங்கே விளம்பரம் இல்லை.’

ஜீவராணி அந்த வரியையும் சீட்டுக்கட்டுப் பெண்ணையும் சேர்த்துப் படம் பிடித்தாள். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள்.

‘நம்ம பிள்ளைகளுக்குச் சூதாட்டம் சொல்லிக் கொடுக்கும் நல்லாசிரியை!’

அன்றைக்கே குரூப் பற்றி எரிந்தது. சனிக்கிழமை பாடசாலையில் கூட்டம்.

ஜீவராணி புதுச் சேலை கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தாள்.

முருகையா எழுந்தார். அவருடைய மகனும் இந்த வருஷம் பரீட்சை எழுதுகிறவன். “ஒங்கள நம்பித்தானே டீச்சர் பிள்ளைங்க கையில போனக் குடுத்தோம்? இப்பிடிப் பண்ணிட்டீங்களே!”

“அத நான் போடலங்க.”

“ஒங்க பக்கத்துல இருக்கு, நீங்க போடலன்னா யாரு போட்டா?”

றீட்டா வாயைத் திறந்தாள். அவள் பார்வை ஜீவராணியின் மேல் ஒரு நொடி நின்றது. ‘பதில் சொல்லு பாப்போம்’ என்று ஜீவராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“பிழை எங்கன்னு எனக்குத் தெரியும். எழுதவேண்டிய இடத்துக்கு எழுதிட்டேன். சீக்கிரம் சரியாகிடும். அதுவரைக்கும் ஏசுறதுன்னா என்னைய ஏசுங்க.”

“மழுப்புறாங்க!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பாடசாலை அதிபர் தொண்டையைச் செருமினார். “விஷயம் தெளிவாகிற வரைக்கும் டீச்சர் சனிக்கிழமை வகுப்பு எடுக்க வேணாம்.”

றீட்டா தலையாட்டிவிட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

திரும்பும் வழியில் ஜீவராணி கேக் வாங்கினாள். கேஷானி அதைத் தொடவே இல்லை.

அடுத்த வாரம் தலைமையகத்திலிருந்து ஷுக்ரி என்ற பொறியியலாளர் கிளைக்கு வந்தார். வந்ததும் கதவைச் சாத்தினார்.

“ஒரு முறைப்பாடு வந்திருக்கு அக்கா. நம்ம லைன்ல போற சில பக்கங்கள்ல, நடுவழியில கம்பெனியே விளம்பரத்த ஒட்டி அனுப்பியிருக்கு. பாதுகாப்பு இல்லாத சின்னச் சின்னத் தளங்கள்ல அப்பிடிச் செய்ய முடியும்.”

ஜீவராணிக்குப் புரியவில்லை. “தளத்துக்காரங்க போடாமயா?”

“அவங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு சதம் அவங்களுக்குப் போறதும் இல்ல. வேற கம்பெனி லைன்ல பாத்தா சுத்தமா இருக்கும். நம்ம லைன் எடுத்த வீடுகள்ல மட்டும்தான் இந்தக் கூத்து.”

நம்ம லைன் எடுத்த வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் அவளே ஏறிப் போயிருக்கிறாள்.

“மேலிடத்துல யாரோ விளம்பரக்காரங்களோட போட்ட ஒப்பந்தம். விசாரணை வந்ததும் நிப்பாட்டிட்டாங்க. நீங்க பயப்படாதீங்க, கிளையில யாருக்கும் பிரச்சினை வராது. அந்த முறைப்பாட்டுக் கடிதத்துலயே தெளிவா எழுதியிருக்கு.”

“யாரு எழுதின கடிதம்?”

ஷுக்ரி பிரதியை நீட்டினார்.

கீழே றீட்டாவின் கையெழுத்து. திகதி, கூட்டத்துக்கு முதல் நாள். ஜீவராணி அந்தப் படத்தைக் குரூப்பில் போட்டு மூன்று நாள் கழிந்திருந்த நேரம்.

கடைசிப் பந்தியை அவள் இரண்டு முறை படித்தாள்.

‘அப்புத்தளைக் கிளையினருக்கு இதில் பங்கில்லை. வீடு வீடாகச் சென்று இணைப்பு எடுத்துக் கொடுத்த பெண்ணின் மேல் ஊராரின் கோபம் திரும்பிவிடக் கூடாது என்பதால், உங்கள் நிறுவனத்தின் பெயரை நான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. நாளைய கூட்டத்திலும் சொல்லப்போவதில்லை. அவருடைய மகள் என்னிடம் படிக்கிறாள். தாயை யாரும் ஏசி அந்தப் பிள்ளை கேட்க வேண்டாம்.’