முகம் பளிச்சென்று விழுந்திருக்கிறது

காவல் நிலையத்திலிருந்து திரும்பிச் சாராயக்கடைக்குள் மிலுத்தின் நுழைந்ததும் பேச்சு சட்டென்று நின்றது. எதிரே, வேகமாகப் போகும் வண்டிகளைப் படம் பிடிக்கிற கேமராக் கம்பத்தில், அவன் மகனின் இரங்கல் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அந்தக் கம்பத்தடியில்தான் ஒரு கார் பையனை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் பறந்திருந்தது.

"என்னண்ணே, கேமராவுல படம் இருந்துச்சா?" என்று கேட்டான் டாக்சிக்காரன் வுக்ஷன்.

"இருந்துச்சு. நம்பரு, மூஞ்சி எல்லாம் பளிச்சுனு விழுந்திருக்கு."

"அட, அந்த டப்பா நெசமாவே வேலை செய்யுதா! சும்மா பூச்சாண்டி காட்டுறாங்கன்னுல்ல நெனச்சேன். இனிமே நானும் அங்க உருட்டிக்கிட்டுத்தான் போகணும்."

"ஆமாப்பா, மெதுவாவே போ" என்றான் மிலுத்தின். செத்த பிள்ளைக்காகத் தரையில் நாலு சொட்டு பிளம் சாராயம் ஊற்றிவிட்டு, மிச்சத்தைக் குடித்தான்.

வீட்டில் அவன் மனைவி தெசாங்கா ஓடி வந்தாள். "படம் இருக்குன்னு தெருவே சொல்லுது! அந்தப் பாவியப் புடிச்சுட்டாங்களா?"

அவன் கதவைச் சாத்தினான். "பெட்டிக்குள்ள கேமராவே இல்ல, தெசாங்கா. கம்பம் நட்டதோட நகராட்சியில காசு தீந்துபோச்சாம். இனி அவனப் புடிக்க வழியே இல்ல."

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "அப்புறம் எதுக்குய்யா ஊரெல்லாம் பொய் சொல்லிட்டு வந்த?"

உள்ளே சின்ன மகள் யெலெனா பள்ளிக்கூடப் பையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மிலுத்தின் அவளைக் காட்டினான்.

"நாளைக்கு இவளும் அந்த ரோட்டத்தானே தாண்டணும்?"