அஞ்சுகம் வாய் திறக்கவில்லை

"ஒரே ஒரு வார்த்தை பேசு, அஞ்சுகம். என்னைத் திட்டவாவது திட்டேன்!"

கூடாரத்துக்குள் கட்டிலில் உட்கார்ந்து ஷூ மாட்டியபடி நீலமேகம் கெஞ்சினார். அவர் மனைவி அஞ்சுகம் கழுத்து மஃப்ளரை இழுத்து விட்டுக்கொண்டு தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். அவ்வளவுதான்.

"மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் பத்தே நாளு. படகெல்லாம் கடலுக்குப் போயிட்டு வந்து நிக்கும். மொத மீன் ஏலத்துல நீ வாயைத் தொறக்கலன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. இருவத்திரண்டு வருசமா நீ கூவுன ஏலம்!"

அஞ்சுகம் கூடார வாசலின் ஜிப்பை இழுத்துத் திறந்து வெளியே போய்விட்டாள்.

கர்நாடகத்தில் கபினிக் காட்டோரம் இருந்தது அந்த முகாம். பேருக்குத்தான் கூடாரம், உள்ளே மின்விசிறி, வெந்நீர் எல்லாம் உண்டு. "மூணு நாள் ரெண்டு பேரும் நிம்மதியா மிருகமெல்லாம் பார்த்துட்டு வாங்க" என்று பெங்களூரில் இருக்கும் மகள் ஏற்பாடு செய்திருந்தாள்.

நிம்மதி எங்கே கிடைத்தது? பக்கத்துக் கூடாரத்தில் தங்கியிருந்தது காரைக்கால் டவுன் அற்புதராஜும் அவன் மனைவி டெல்பினும்! ஊர்க்காரர்களைப் பார்த்ததும் நீலமேகம் கூடாரத்துக்குள் பதுங்கப் பார்த்தார்.

அஞ்சுகத்தின் குரல் அப்படிப்பட்டது. காரைக்கால்மேட்டுக் கடற்கரையில் அவள் ஏலம் கூவினால் தள்ளி இருக்கும் பூவம் கிராமத்தில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான் என்பார்கள். அந்த அஞ்சுகம் வாயைத் திறக்கவில்லை என்றால் ஊர் சும்மா விடுமா?

"அக்கா இன்னும் பேசலையாண்ணே?" காடு சுற்றிக் காட்டும் ஜீப்பில் ஏறியதுமே டெல்பின் ஆரம்பித்தாள். "அப்படி என்னதான் சண்டை?"

நீலமேகம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான்தாம்மா வாய்க்கொழுப்புல சொல்லிட்டேன். உன் வாய்க்குப் பயந்துதான் நான் கடலுக்கே போறேன்னு. 'அப்படியா, இனிமே யார்கிட்டயும் பேச மாட்டேன்'னு எழுதிக் காட்டிட்டா. ஆச்சு, அம்பது நாளு."

"அம்பது நாளா!" அற்புதராஜ் ஆவலாக முன்னால் குனிந்தான். "அண்ணே, என்ன சொன்னீங்கன்னு இன்னொரு தடவை சொல்லுங்க. நானும் சொல்லிப் பார்க்கறேன்."

டெல்பின் அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "அக்கா, இந்த ஆம்பளைங்க புத்தியே இப்படித்தான். மன்னிச்சு விட்டுடுங்க."

அஞ்சுகம் சிரித்தாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. நீலமேகம் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

மூங்கில் புதர் திருப்பத்தில் ஓட்டுநர் கருப்பையன் சட்டென்று பிரேக் போட்டார். எதிரே குட்டியோடு ஒரு பெரிய யானை.

"யாரும் அசையாதீங்க. குட்டி இருக்கு, தாய் கோபமா நிக்குது" என்று முணுமுணுத்தபடி ஜீப்பைப் பின்னால் எடுத்தார். முதல்நாள் மழைச் சேற்றில் பின்சக்கரம் இறங்கியது. என்ஜின் ஒரு குலுக்கலோடு நின்றே போனது.

யானை காதை விரித்தது. தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு நேராக வந்தது.

"மாதாவே!" டெல்பின் கணவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கருப்பையன் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார்; என்ஜின் கிளம்பவில்லை. யானை வருகிற பக்கம் உட்கார்ந்திருந்தவர் நீலமேகம். அவர் இரண்டு கையையும் விரித்து மனைவியை மறைத்துக்கொண்டார்.

அஞ்சுகம் அவரைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள். எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. யானைக்கும் ஜீப்புக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தாள்.

"ஒரு தரம்!"

காடே அதிர்ந்தது. யானை அப்படியே நின்றது.

"ரெண்டு தரம்!"

விரித்த காது மடங்கியது. யானை ஓர் எட்டு பின்னால் வைத்தது.

"மூணு தரம்!"

போதுமடா சாமி என்பதுபோல யானை திரும்பியது. குட்டியைத் தள்ளிக்கொண்டு மூங்கிலுக்குள் போய் மறைந்தது.

"பதினெட்டு வருசமா இந்தக் காட்டுல வண்டி ஓட்டறேன்" என்றார் கருப்பையன், வாயைப் பிளந்தபடி. "யானையை ஏலம் போட்டு அனுப்பினவங்களை இன்னைக்குத்தான் பார்க்கறேன்!"

டெல்பின் துள்ளிக் குதித்தாள். "அக்கா பேசிட்டாங்க! சண்டை முடிஞ்சுபோச்சு!"

நீலமேகமோ ஜீப்புக்குள் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

"யோவ், எதுக்குய்யா அழுவுற? அதான் யானை போயிடுச்சுல்ல!" கரகரவென்று வந்தது அஞ்சுகத்தின் குரல். அதைக் கேட்டதும் அவருக்கு அழுகை இன்னும் கூடிவிட்டது.

முகாமுக்குத் திரும்பி சிக்னல் கிடைத்ததும் அவர் முதல் வேலையாகப் போனை எடுத்தார். மகளிடம்தான் பேசப்போகிறார் என்று டெல்பின் ஆசையாகப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டாக்டரய்யா, நான் நீலமேகம், அஞ்சுகத்தோட வீட்டுக்காரன். கழுத்துல கட்டி எடுத்தீங்களே… குரல் நரம்புலயே ஒட்டியிருந்துச்சு, இனிமே பேச்சு வர்றது சந்தேகந்தான்னு சொன்னீங்களே… ஏல வேலை போயிடும்னு ஊருக்குச் சண்டைன்னு பொய் சொல்லி வச்சிருந்தோம்… இந்தாங்க, உங்க காதாலயே கேளுங்க!"

ஐம்பது நாளாகக் கழுத்தை மறைத்திருந்த மஃப்ளரை அவிழ்த்து, ஆறிவரும் தழும்பை ஊர்க்காரர்கள் முன்னால் முதல்முறையாகக் காட்டியபடி, அஞ்சுகம் போனை வாங்கிக் கூவினாள்: "ஒரு தரம், டாக்டரே!"